ஓடும்போது முட்டி வெளிப்பக்கம் வலி: ஐடி பேண்டா, ஜவ்வா?

கேள்வி: வாரக்கடைசி_ஓட்டம்
எங்க குழுவில் ஒருத்தர் அரை மாரத்தானுக்குத் தயாராகிறார். முதல் 4 கி.மீ. வரை ஒண்ணும் இல்லை. அப்புறம் வலது முட்டியின் வெளிப்பக்கம் சுருக்குனு குத்துது. நின்னா போயிடுது, திரும்ப ஓடினா உடனே வருது. மாடிப்படி இறங்கும்போதும் இருக்கு. வீக்கம் இல்லை. ஒரே மாசத்தில் வார தூரத்தை 25லேர்ந்து 45 கி.மீ. ஆக்கினார். வலிக்கிற இடத்திலேயே தினமும் ஃபோம் ரோலர் உருட்டுறார், குறையலை. எம்ஆர்ஐ எடுக்கணுமா?

பதில் 1: முட்டி_பிசியோ
இப்போதைக்கு வேண்டாம். முதல்ல நோபிள் டெஸ்ட் பாருங்க. மல்லாந்து படுக்க வச்சு முட்டியை 90 டிகிரி மடக்குங்க. மூட்டு இடுக்குக்கு 2-3 செ.மீ. மேலே, வெளிப்பக்கம் தொடை எலும்பு மேடா தட்டுப்படும். அங்கே கட்டைவிரலால் அழுத்திக்கிட்டே காலை மெதுவா நீட்டுங்க. கால் முழுசா நீள இன்னும் 30 டிகிரி இருக்கும்போது "அதே வலி"ன்னு சொன்னா, ஐடி பேண்ட் (இடுப்பிலேர்ந்து முட்டி வரை தொடையின் வெளிப்பக்கம் ஓடுற பட்டை)தான்னு வச்சுக்கலாம்.

வலி மேட்டில் இல்லாம மூட்டு இடுக்கிலேயே இருந்தா, முட்டி பூட்டிக்கிட்டா, வீங்கினா முட்டிக்குள்ள இருக்கிற ஜவ்வை (மெனிஸ்கஸ்) சந்தேகப்படணும். ராத்திரி படுத்திருக்கும்போதும் எலும்பு வலிச்சா ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் (எலும்பில் மெல்லிய விரிசல்) இருக்கலாம். இந்த ரெண்டுக்கும் ஆர்த்தோவைப் பார்த்தே ஆகணும்.

ரோலரை அந்த இடத்தில் இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க. ஐடி பேண்ட் தசை இல்லை, தொடை எலும்போட ஒட்டியிருக்கிற தடிச்ச நார்ப்பட்டை. உருட்டி நீளமாக்க முடியாது. பட்டைக்கு அடியில் நரம்பு நிறைந்த கொழுப்புத் திசு நசுங்குறதுதான் வலிக்குக் காரணம்னு இப்போ பலரும் சொல்றாங்க. ரோலர் அதையே இன்னும் நசுக்குது! உருட்டியே ஆகணும்னா பிட்டத்திலும் இடுப்பின் முன்பக்கவாட்டுத் தசையிலும் உருட்டட்டும்.

பதில் 2: கோச்_தடகளம்
டெஸ்டில் அதே வலி வந்தா, பட்டையை விட்டுட்டு இடுப்பைக் கவனிங்க. சுவரில் முதுகு ஒட்டி ஒருக்களிச்சுப் படுத்து, மேல்காலை நீட்டினபடி குதிகாலால் சுவரைத் தேய்ச்சுக்கிட்டே தூக்கணும்: 15 தடவை, 3 செட், ஒருநாள் விட்டு ஒருநாள். கால்விரல் கூரையைப் பார்த்தா வேலை முழுக்க முன்பக்கத் தசைக்குப் போயிடும். பெரும்பாலானவங்க கோட்டை விடுறது இங்கேதான். வலி அடங்கினதும் 15 செ.மீ. படியிலிருந்து ஒத்தைக்காலில் மெதுவா இறங்கிப் பழகட்டும், கண்ணாடி முன்னாடி. முட்டி உள்ளே சாயக் கூடாது, இடுப்பு ஒரு பக்கம் தொங்கக் கூடாது.

படி இறங்கும்போது வலி இல்லைன்னா ஓட்டம் ஆரம்பிக்கலாம். 1 நிமிஷம் கொஞ்சம் வேகமா ஓட்டம், 1 நிமிஷம் நடை, 8 தடவை, சமதளத்தில்.

வாரக்கடைசி_ஓட்டம்
வேகமாவா சார்? மெதுவா ஓடச் சொல்லத்தானே நினைச்சேன்.

பதில் 3: கோச்_தடகளம்
மெது ஓட்டத்தில் பாதம் தரையைத் தொடும்போது முட்டி கம்மியா மடங்கியிருக்கும். வலி வர்ற அந்த 30 டிகிரியிலேயே முட்டி திரும்பத் திரும்ப மாட்டும். வேகம் கூடினா மடக்கம் கூடும். இறக்கத்தில் வலி அதிகமாகிறதும் இதனாலதான். அதனால இறக்கமும் ஞாயித்துக்கிழமை நீள ஓட்டமும் கடைசியா வரட்டும். கேடன்ஸ் (நிமிஷத்துக்கு எத்தனை அடி) 160ன்னா 168-க்குக் கொண்டு வாங்க. பாதம் நடுக்கோட்டைத் தாண்டி விழுதான்னு பின்னாலிருந்து வீடியோ எடுத்துப் பாருங்க. விழுந்தா அடியைக் கொஞ்சம் அகட்டி வைக்கச் சொல்லுங்க.

பதில் 4: முட்டி_பிசியோ
ஒண்ணு சேர்த்துக்கிறேன். 6-8 வாரம் இதெல்லாம் ஒழுங்கா செஞ்சும் அசையலைன்னா அப்போ எம்ஆர்ஐ. நடந்தாலே வலின்னா டாக்டர் ஸ்டீராய்டு ஊசி பத்திப் பேசுவார். வலி குறைஞ்சதுன்னு ஊசி போட்ட கையோட ஓட விட்டுடாதீங்க.