நினைவு ஏமாற்றிய அனுபவம் இருந்தால் பகிருங்கள்

கடலூரான்
சுனாமி வந்தபோது என் அண்ணன் வகுப்பில் இருந்தானாம். கணக்கு சார் சாக்பீஸைப் போட்டுவிட்டு "மாடிக்கு ஓடுங்கடா" என்று கத்தினார் என்பான். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, அரையாண்டு லீவு வேறு. காலண்டரைக் காட்டினேன். "அது என்னவோ சொல்லட்டும், சாக்பீஸ் ரெண்டா உடைஞ்சு என் பெஞ்சுக்கடியில உருண்டுச்சுடா" என்றான். கண் கலங்கியிருந்தது. பொய் சொல்கிற முகம் இல்லை அது.

நாகை மீனா
இவ்வளவு அவசரமாக அவர் சொல்வதைத் தள்ளாதீர்கள். 30ஆம் தேதி மறுபடி அலை வருமென்று அரசே எச்சரித்து ஊர் மொத்தமும் ஓடியது. நான் ஒற்றைச் செருப்போடு ஓடினேன். பள்ளி திறந்த பிறகும் அந்தப் புரளி ஓயவில்லை. அப்படி ஒரு நாளில் சாக்பீஸ் நிஜமாகவே விழுந்திருக்கும்; தேதி மட்டும் இடம் மாறியிருக்கும். 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாளே, செய்தியை எங்கே கேட்டீர்கள் என்று அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக மாணவர்களை எழுதச் சொன்னார் உளவியலாளர் உல்ரிக் நைசர். இரண்டரை வருஷம் கழித்துக் கேட்டால் பலரும் வேறு கதை சொன்னார்கள். சொந்தக் கையெழுத்தைக் காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை.

மார்கழி
என் அப்பாயிக்கு டிமென்ஷியா. என் பேர் தெரியாது. மாவுக் கிண்ணத்தைக் கையில் கொடுத்தேன். 15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி. விரல் ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை. முடித்துவிட்டு நிமிர்ந்து, "யாரு போட்டது, நல்லா இருக்கே" என்றாள்.

ராமன் 62
@மார்கழி, கைப்பழக்கம் மூளையில் வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்புக்காக 1953இல் மூளையில் புது நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் பெரும்பங்கை எடுத்துவிட்டார்கள். புதிதாக எதுவும் நினைவில் நிற்காது. ஆனால் அவரை ஆராய்ந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னபோது, நாளுக்கு நாள் கை தேறியது. முந்தின நாள் வரைந்ததே அவருக்குத் தெரியாது. அப்புறம் ஒரு விஷயம்: அப்பாயிக்கு பி12, தைராய்டு பார்த்தீர்களா? குறைந்தாலும் மறதி வரும். சிறுநீர்த் தொற்று வந்தால் வயசானவர்களுக்குத் திடீரென்று குழப்பம் கூடும். காது கேட்கிறதா பாருங்கள். தூக்க மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். பகலில் வெளிச்சத்தில் உட்கார வையுங்கள். என் மாமனாருக்கு பி12 ஊசி போட்டதும் தெளிந்தார்.

மார்கழி
எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு அண்ணா, டாக்டரும் பார்க்கிறார். நீங்கள் சொன்ன அந்த நட்சத்திரத்தைப் பற்றித்தான் கேட்கணும். அப்பாயி போட்டதே இல்லாத ஒரு கோலத்தைத் தினம் கூட உட்கார்ந்து போட வைத்தால், கை பிடித்துக்கொள்ளுமா? வீட்டில் யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?