12,000 ரூபாய் பேனாவுக்கு 11,233 ரூபாய் வரி: கட்டுவதா, திருப்பி அனுப்புவதா?

(மும்பைக்காரர்கள் 2023 நவம்பரில் இணைய மன்றத்தில் பேசிக்கொண்டது. விகிதங்களும் சலுகைகளும் அன்றைய நிலவரம்.)

மைக்கூடு (செம்பூர்) | 6 நவம்பர் 2023

ஜப்பானில் ஒரு கடையில் மைப்பேனா ஆர்டர் செய்தேன். நம் பணத்தில் 12,000 ரூபாய். பார்சல் சஹார் (மும்பை விமான நிலையம்) வந்து சேர்ந்ததும் கூரியர் நிறுவனத்திலிருந்து செய்தி: ஆதார் நகல் அனுப்பு, 11,233 ரூபாய் சுங்க வரி கட்டு. அதற்கு மேல் எனக்காக வரியை அவர்கள் முன்கூட்டிக் கட்டுவதற்கான கட்டணம், அந்தக் கட்டணத்துக்கும் ஜிஎஸ்டி. பேனாவைவிட வரி 767 ரூபாய்தான் குறைவு. இதைக் கொள்ளை என்று சொல்லாமல் என்னவென்று சொல்வது? வீட்டில் இன்னும் சொல்லவில்லை. கட்டலாமா, வேண்டாம் என்று விட்டுவிடலாமா?

ஃபோர்ட் பேனாக்கடை | 6 நவம்பர்

மைக்கூடு சார், கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் பேனா விற்கிறவன்தான். ஐந்து மாதம் முன்பே பணம் கட்டி சரக்கு எடுக்கிறேன். தீர்வை கட்டுகிறேன், 18% ஜிஎஸ்டி கட்டுகிறேன், ஃபோர்ட்டில் வாடகை கொடுக்கிறேன். விற்காத பேனா கண்ணாடிக்குள் தூங்குகிறது. நீங்கள் என் கடைக்கு வந்து நிப்பை எழுதிப் பார்த்து, மாடலைக் குறித்துக்கொண்டு, வீட்டுக்குப் போய் ஜப்பானில் ஆர்டர் போடுவீர்கள். அதற்கும் வரி கூடாதென்றால் நான் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

மைக்கூடு | 6 நவம்பர்

வரியே கூடாது என்று நான் சொல்லவில்லை அண்ணே. நீங்கள் கட்டுவதையே நானும் கட்டத் தயார். இந்தப் பேனா உங்கள் கடையில் வந்தால் ஜிஎஸ்டி 18%, என் பார்சலில் வந்தால் 28%. அது எப்படி? (உங்கள் கடையில் நான் வாங்கிய மைப்புட்டிகள் எத்தனை என்று கணக்குப் பார்த்துவிட்டுத் திட்டுங்கள்.)

பல்லார்ட் பியர் பழசு | 6 நவம்பர்

கப்பல் ஏஜென்ட் ஆபீசில் முப்பது வருஷம் பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சரக்குக்குச் சுங்கத்தில் கொடுக்கும் படிவம்) போட்டவன் என்பதால் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

ஆள் தன் சொந்த உபயோகத்துக்குத் தபாலிலோ விமானத்திலோ வரவழைக்கும் பொருளைச் சுங்க வரிப் பட்டியலில் 9804 என்ற தலைப்பில் போடுவார்கள். பேனா, செருப்பு, பொம்மை எல்லாம் அங்கே ஒன்றுதான். அடிப்படைத் தீர்வை 35%. அந்தத் தீர்வையின் மேல் 10% சமூக நலக் கூடுதல் வரி, அதாவது 3.5%. இதையெல்லாம் பொருளின் மதிப்போடு கூட்டி, அந்தத் தொகைக்கு 28% ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கு வாங்கும் ஜிஎஸ்டி). வரிக்கு மேல் வரி. எல்லாம் சேர்ந்து 77.28%. கடைக்காரர் பேனாவுக்கு உரிய தலைப்பில் போடுகிறார், அதற்கு விகிதம் வேறு. அதனால்தான் உங்கள் இருவருக்கும் ஒத்துவரவில்லை.

டோம்பிவிலி ஃபாஸ்ட் | 7 நவம்பர்

இதற்கா இவ்வளவு? அனுப்புகிறவரிடம் 'பரிசு, மதிப்பு 1,000 ரூபாய்' என்று எழுதச் சொல்லுங்கள். என் நண்பன் அப்படித்தான் வாங்குகிறான்.

பல்லார்ட் பியர் பழசு | 7 நவம்பர்

தம்பி, எந்த வருஷத்தில் இருக்கிறீர்கள்? 5,000 ரூபாய் வரை பரிசுக்கு இருந்த சலுகை 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. சீன ஆப்களில் வாங்கிய டி-ஷர்ட்டும் ஹெட்ஃபோனும் லட்சக்கணக்கில் 'பரிசு' என்ற பெயரில் வந்து குவிந்ததன் பலன் அது. இன்றைக்கு விலக்கு இருப்பது உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும்தான். ராக்கியோடு வரும் பரிசுக்குக் கூடக் கிடையாது! மதிப்பைக் குறைத்து எழுதினால் சுங்கச் சட்டம் 111ஆம் பிரிவில் பறிமுதல், 112இல் அபராதம். உங்கள் நண்பர் இதுவரை மாட்டவில்லை, அவ்வளவுதான்.

ஃபோர்ட் பேனாக்கடை | 7 நவம்பர்

இதைத்தான் நானும் சொல்கிறேன். கதவைத் திறந்துவைத்தால் எல்லாரும் டோம்பிவிலித் தம்பி ஆகிவிடுவார்கள்.

மைக்கூடு | 7 நவம்பர்

சரி, பொய் எழுதுகிறவனைப் பிடிக்கட்டும். நான் உண்மையான இன்வாய்ஸ் கொடுத்தவன். என் கேள்வி வேறு. என் மேலதிகாரி போன மாதம் டோக்கியோ போய்விட்டு வந்தார். இதே பேனா, இன்னொரு பேனா, இரண்டு மைப்புட்டி, எல்லாம் பெட்டியில். கிரீன் சேனலில் (வரி கட்ட ஒன்றும் இல்லாதவர்கள் போகும் வழி) நடந்து வெளியே வந்துவிட்டார், வரி பூஜ்யம். பயணிக்கு 50,000 ரூபாய் வரை இலவசம். அதைத் தாண்டினாலும் மிச்சத்துக்கு மட்டும் 38.5%தான், ஐஜிஎஸ்டி கிடையாது. விமான டிக்கெட் வாங்க வசதி உள்ளவனுக்குப் பூஜ்யம், செம்பூரில் உட்கார்ந்து ஆர்டர் போடுகிறவனுக்கு 77.28%. இதற்கு யாராவது நியாயம் சொல்லுங்கள், வாயை மூடிக்கொள்கிறேன்.

முலுண்ட் மீனாட்சி | 7 நவம்பர்

நான் சொல்கிறேன். பயணி ஆளே எதிரில் நிற்கிறார், பெட்டியைத் திறக்கச் சொல்லலாம். வருஷத்துக்கு எத்தனை தடவை போவார்? பார்சல் அப்படியா? ஒரே ஆள் பத்து முகவரிக்குப் பிரித்து அனுப்ப முடியும். மற்ற நாடுகளும் இதை விட்டுவைக்கவில்லை. ஆஸ்திரேலியா 2018 ஜூலையிலிருந்து சின்னப் பார்சலுக்கும் ஜிஎஸ்டி வாங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ சலுகையை 2021இல் எடுத்துவிட்டது.

மைக்கூடு | 7 நவம்பர்

மேடம், ஆஸ்திரேலியாவில் அந்த ஜிஎஸ்டி 10%. விற்கும்போதே விற்பனை இணையதளம் வசூலித்துவிடும், பார்சலை யாரும் நிறுத்திவைப்பதில்லை. அமெரிக்காவில் 800 டாலர் வரை ஒன்றும் கிடையாது. இங்கே இருக்கும் சலுகை, மொத்த வரியே 100 ரூபாய்க்குள் வந்தால் வசூலிக்கமாட்டார்கள் என்பது. 77.28% கணக்கில் அது சுமார் 129 ரூபாய்ப் பொருள். ரீஃபில் வாங்கலாம்.

முலுண்ட் மீனாட்சி | 7 நவம்பர்

ரீஃபில் நன்றாக இருந்தது :) விகிதம் அதிகம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். பார்சலையும் பெட்டியையும் ஒன்றாக்கச் சொன்னால் மட்டும் ஒப்பமாட்டேன்.

பல்லார்ட் பியர் பழசு | 8 நவம்பர்

ராத்திரி ஒரு சந்தேகம் வந்தது. 11,233ஐ 77.28%ஆல் வகுத்தால் வரி போட்ட மதிப்பு 14,535 வருகிறது. பேனா 12,000தானே? மேலே 2,535 எங்கிருந்து வந்தது? மைக்கூடு சார், இன்வாய்ஸில் ஷிப்பிங் தனியாக இருக்கிறதா?

மைக்கூடு | 8 நவம்பர்

இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். கீழே பொடி எழுத்தில் 'ஷிப்பிங் உட்பட' என்று இருக்கிறது. கூரியர் அனுப்பிய பில் ஆஃப் என்ட்ரியில் சரக்குக் கட்டணம் 2,400, காப்பீடு 135.

பல்லார்ட் பியர் பழசு | 8 நவம்பர்

அதேதான். சரக்குக் கட்டணம் தெரியாவிட்டால் பொருள் விலையில் 20%, காப்பீடு தெரியாவிட்டால் 1.125% என்று விதி. 12,000க்கு 2,400, 135. உங்கள் விலையிலேயே ஷிப்பிங் இருக்கும்போது அந்த 2,400ஐ மறுபடி ஏற்றியது தப்பு. அதனால் மட்டும் 1,855 ரூபாய் அதிகம்.

பார்சலைத் திருப்பாதீர்கள். கட்டி எடுங்கள், ஆனால் அதற்கு முன் திருத்தச் சொல்லி கூரியருக்கு மெயில் போட்டுவையுங்கள், இன்வாய்ஸை இணைத்து. அவர்கள் அசையாவிட்டால், உத்தரவு கைக்கு வந்த 60 நாளைக்குள் சுங்க ஆணையரிடம் மேல்முறையீடு. நேரே ரீஃபண்ட் கேட்டு மனுப்போட்டு ஏமாறாதீர்கள். மதிப்பீட்டை மாற்றாமல் ரீஃபண்ட் கிடையாது என்று 2019இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

டோம்பிவிலி ஃபாஸ்ட் | 8 நவம்பர்

1,855 ரூபாய்க்கு மேல்முறையீடா?

பல்லார்ட் பியர் பழசு | 8 நவம்பர்

முதலில் மெயில்தானே தம்பி. அதற்குத் தபால்தலை கூட வேண்டாம்.

மைக்கூடு | 13 நவம்பர்

மெயில் போட்டதற்கு 'பரிசீலிக்கிறோம்' என்று பதில். வேறு வழியின்றிக் கட்டி எடுத்துவிட்டேன், 60 நாள் கணக்கை காலண்டரில் குறித்திருக்கிறேன். பேனா வந்தது. நிப் காகிதத்தைக் கீறுகிறது. ஃபோர்ட் அண்ணே, சனிக்கிழமை கடை திறந்திருக்குமா?

ஃபோர்ட் பேனாக்கடை | 13 நவம்பர்

பதினொன்றுக்குத் திறப்பேன். ஜப்பான்காரனிடம் காட்டவில்லையா?