மறு: ஸ்பீக்கருக்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்குள்

நண்பர்களே, வணக்கம்.

படகில் கூடுதல் ஸ்பீக்கர்களை இணைப்பதற்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ஸ்பீக்கரையும் ஒலிபெருக்கி என்கிறோம், ஆம்ப்ளிஃபயரையும் பலர் அப்படியே சொல்கிறார்கள். இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தால் இப்படி ஆகிறது (ஓம் என்பது மின்தடையின் அளவு, பக்க இணைப்பு என்பது பேரலல்): "4 ஓம் ஒலிபெருக்கிகள் இரண்டைப் பக்க இணைப்பில் சேர்த்தால் மொத்தம் 2 ஓமாகக் குறையும், 4 ஓமுக்குக் கீழே தாங்காத ஒலிபெருக்கி சூடேறிக் கெட்டுவிடும்." கெடுவது எது?

---

> கெடுவது எது?

ஆம்ப்ளிஃபயர். பெருக்கும் வேலையும் அதனுடையதுதான். ஸ்பீக்கர் எதையும் பெருக்குவதில்லை. வருகிற மின்னோட்டத்துக்கு ஏற்பக் கூம்பை அசைத்து ஒலியாக்குகிறது, அவ்வளவே. பெயர் ஆள் மாறி ஒட்டிக்கொண்டது.

'இயம்பி' என்று வையுங்கள் தம்பி. இயம் என்றால் இசைக்கருவி, பல கருவிகள் சேர்ந்த பல்லியம் நினைவிருக்கும். இயம்புதலுக்கு ஒலித்தல், சொல்லுதல் என்று இரண்டு பொருளும் உண்டு. முரசும் இயம்பும், புலவரும் இயம்புவார். இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்?

---

ஐயா, அழகான சொல்தான். ஆனால் "இயம்பிக் கம்பியை இயம்பியில் செருகவும்" என்று படிப்பவர் கையேட்டைக் கடலில் போட்டுவிடுவார். ஸ்பீக்கர் என்றே எழுதுவோமே. வடசொல்லுக்கே வழிவிட்டவர் தொல்காப்பியர்.

---

> வழிவிட்டவர் தொல்காப்பியர்

வடவெழுத்தை நீக்கச் சொல்லிவிட்டுத்தான் வழிவிட்டார். முதலெழுத்தாக 'ஸ்' வைத்துக்கொண்டு அவரைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

என் பரிந்துரை 'பறைவி'. பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் அன்றாடப் பேச்சு. தோல் அதிர்ந்து பறை பேசுகிறது, கூம்பு அதிர்ந்து இது பேசுகிறது. தொல்காப்பியத்தின் பிறப்பியலில் உந்தியிலிருந்து (கொப்பூழிலிருந்து) எழும் காற்றுதான் தலை, மிடறு (தொண்டை), நெஞ்சு என நிலைபெற்று எழுத்தாகிறது. ஆம்ப்ளிஃபயரை உந்தியாகவும் ஸ்பீக்கரை மிடறாகவும் கொண்டால் முழுத் தொகுதிக்கும் பெயர் கிடைத்துவிடும். விரிவாக நாளை எழுதுகிறேன்.

---

நாளை வேண்டாம், ஐயா.

படகு வேலை தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சொல் எதுவானாலும் சில விஷயங்கள் விட்டுப்போகக் கூடாது. ஸ்பீக்கரின் காந்தம் திசைகாட்டி முள்ளைத் திருப்பிவிடும், ஆகவே தள்ளிப் பொருத்த வேண்டும். உப்புக் காற்றுக்கு வெறும் செம்புக் கம்பி சீக்கிரம் அரிக்கும். வெள்ளீயம் பூசிய கம்பி வேண்டும். ஃப்யூஸ் மின்கலத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் நேர்முனையும் எதிர்முனையும் மாறினால், ஒரு கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். பேஸ் என்கிற தாழ்ந்த ஒலி காணாமல் போகும்.

---

பேஸுக்கு 'மெலிவு' என்று பழைய இசை வழக்கிலேயே உண்டு. மெலிவு, சமன், வலிவு: கீழ், நடு, மேல் என்ற மூன்று நிலை.

---

"மெலிவு வலுவாகக் கேட்க" என்று எழுதட்டுமா? தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

---

தொடங்கியவன் மீண்டும். எல்லோருக்கும் நன்றி. தனிமடலில் கருத்துச் சொன்னவர்களையும் சேர்த்துப் பார்த்தால், ஸ்பீக்கர் 'ஒலிபெருக்கி'யாகவே இருக்கட்டும், ஆம்ப்ளிஃபயரை 'மிகைப்பி' ஆக்கலாம் என்பவர்களே அதிகம். சரி, அப்படியே போகிறேன்: "4 ஓமுக்குக் கீழே தாங்காத மிகைப்பி சூடேறிக் கெட்டுவிடும். அத்தகைய மிகைப்பிக்கு ஒலிபெருக்கிகளைத் தொடராக இணைக்கவும். 8 ஓம் ஆகும், ஒலி சற்றுக் குறையும்."

---

பெருக்காததற்கு ஒலிபெருக்கி என்று பெயர், பெருக்குவதற்கு மிகைப்பி. எனக்கு உடன்பாடில்லை என்று பதிவு செய்துகொள்ளுங்கள். என் அகராதியில் 'இயம்பி' இருக்கும்.

அப்புறம், 'பக்க இணைப்பு' என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்களே. இலங்கைப் பாடநூல்களில் அது சமாந்தரம். அதற்குத் தனி இழை தொடங்கட்டுமா?