ஒரே பிரதியாக வெளிவந்த மாணவர் இதழ்

எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியின் நூலக அறையைச் சென்ற கோடை விடுமுறையில் வெள்ளையடிப்பதற்காகக் காலி செய்தபோது, பீரோவின் மேல்தட்டில் வேட்டித் துணியில் பொதிந்த கட்டு ஒன்று கிடைத்தது. அதில் 1956 முதல் 1966 வரை மாணவர்கள் நடத்திய கையெழுத்துப் பத்திரிகையின் 31 இதழ்கள் இருந்தன. நான் அப்பள்ளியில் 22 ஆண்டுகள் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இப்படியொரு பத்திரிகை நடந்தது அன்றுவரை எனக்குத் தெரியாது. ஓரங்களை இராமபாணப் பூச்சி அரித்திருந்தாலும் எழுத்துகள் தெளிவாகவே இருந்தன. தலைமையாசிரியரின் அனுமதியோடு இரண்டு மாதம் வைத்திருந்து அனைத்தையும் படித்தேன்.

அச்சுக்கூடத்துக்குக் கொடுக்கப் பணமில்லாத காலத்தில், நல்ல கையெழுத்துள்ள ஒருவர் எல்லாப் படைப்புகளையும் புல்ஸ்கேப் தாளில் எழுதுவார். படம் போடத் தெரிந்தவர் அட்டையையும் தலைப்புகளையும் தீட்டுவார். பிறகு நூலால் தைத்து ஒரே ஒரு பிரதியாக வெளியிடுவார்கள். அந்தப் பிரதி வகுப்பு வகுப்பாகச் சுற்றி வரும். எங்கள் பள்ளி இதழ்களில் பின்னட்டையின் உட்புறத்தில் எந்த வகுப்பு எந்தத் தேதியில் பெற்றுக்கொண்டது என்ற சிறு பட்டியலும், அதற்கு முன் வாசகர் கருத்துக்கென்று விடப்பட்ட இரண்டு வெற்றுத் தாள்களும் உண்டு.

முதல் சில நாட்கள் எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. தலையங்கங்கள் அனைத்தும் ஒழுக்கம், நேரந்தவறாமை, ஐந்தாண்டுத் திட்டம் என்று ஒரே குரலில் பேசின. பல பக்கங்களில் ஆசிரியரின் சிவப்பு மைத் திருத்தம் தெரிந்தது. பதினைந்து வயதுப் பிள்ளைகள் எழுதியவை என்று நம்ப முடியாத அளவுக்கு அவை பெரியவர்களின் பேச்சாக இருந்தன. பத்தாவது இதழை எடுத்தபோதுதான் தலையங்கத்தை விட்டுவிட்டு, கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படிக்கத் தொடங்கினேன். மாணவர்கள் அங்கேதான் இருந்தார்கள்.

காணவில்லை என்ற தலைப்பில் ஓர் அறிவிப்பு: ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவரின் காம்பஸ் பெட்டி தொலைந்துவிட்டது. மூடியின் உட்புறத்தில் ஆணியால் பெயர் கீறியிருக்கும், கவராயத்தின் ஒரு கால் வளைந்திருக்கும், கண்டெடுத்தவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் தந்தால் நலம், ஏனெனில் அன்று அப்பா ஊரிலிருந்து வருகிறார் என்று எழுதியிருந்தது. அந்த வெள்ளிக்கிழமையை நினைத்து நான் சற்று நேரம் பக்கத்தைத் திருப்பாமல் இருந்தேன். இன்னோர் இதழில், ஆற்றில் வெள்ளம் வந்த மூன்று நாட்களுக்கு அக்கரை மாணவர்களின் வருகைப் பதிவில் குறை வைக்கப்படாது என்ற அறிவிப்பு இருந்தது. அப்போது பாலம் இல்லை; பரிசலில் வந்து படித்தவர்கள் அவர்கள்.

1957 ஜூன் இதழில் வந்த ஒரு சிறு கட்டுரை எனக்கு மிகவும் பிடித்தது. அந்த ஆண்டு ஏப்ரல் முதல் தேதி நயா பைசா புழக்கத்துக்கு வந்தது. ரூபாய்க்கு 64 காலணா என்ற கணக்குப் போய் 100 நயா பைசா என்றாயிற்று. நாலணாவுக்குச் சரியாக 25 நயா பைசா வரும். காலணாவுக்கோ ஒன்றரைக்குச் சற்று மேல் வரும். அரை நயா பைசா என்று ஒரு காசு இல்லாததால், பள்ளி வாசலில் காலணாவுக்கு விற்ற கடலை மிட்டாய்க்கு இனி 2 நயா பைசா கொடுக்க வேண்டும் என்று ஒரு மாணவர் கணக்கிட்டு, முன்பு ஒரு ரூபாய்க்கு 64 மிட்டாய் கிடைத்த இடத்தில் இப்போது 50 தான் கிடைக்கும், 14 மிட்டாய் எங்கே போயிற்று என்று கேட்டிருந்தார். நாணய மாற்றத்தைப் பற்றி நான் படித்த எந்தப் பாடநூலும் இதை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. கருத்துப் பக்கத்தில் நான்கு வகுப்பினர் அக்கட்டுரையைப் பாராட்டியிருந்தார்கள்.

1964 ஜூன் இதழ் முழுவதும் நேரு மறைவுக்கான இரங்கற்பாக்கள். பெரும்பாலும் வெண்பா முயற்சிகள். பல இடங்களில் தளை தட்டுகிறது. மே 27 அன்று பள்ளி விடுமுறையாக இருந்ததால் ஒவ்வொரு மாணவரும் அச்செய்தியைத் தன் தன் ஊரில் கேட்டிருக்கிறார். ஒருவர் மட்டும் பஞ்சாயத்து வானொலிப் பெட்டியைச் சுற்றி நின்றவர்கள் தலைத்துண்டை எடுத்துவிட்டுப் பேச்சற்று நின்றதை எழுதியிருந்தார். அவ்விதழில் எனக்கு நிலைத்தது அந்த நான்கு வரிகளே.

அடுத்து 1965 பொங்கல் இதழ். அதிலும் அதற்கு அடுத்த இதழிலும் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஜனவரி 26 அன்று இந்தி ஆட்சிமொழியாவதை எதிர்த்து மாநிலமெங்கும் மாணவர்கள் வீதிக்கு வந்ததும், துப்பாக்கிச் சூடு நடந்ததும், பள்ளி கல்லூரிகள் மூடப்பட்டதும் ஊரறிந்த செய்திகள். பத்திரிகையில் எழுத அனுமதி இருந்திருக்காது என்பதை ஆசிரியராக இருந்த என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆயினும் பின்னட்டையின் பட்டியலைப் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு இதழைப் பெற்ற தேதி 22-1-1965. அடுத்த வரியில் 'ஆ' பிரிவு பெற்ற தேதி பிப்ரவரியின் பிற்பாதியில் இருக்கிறது. அதற்கு முன்பும் பின்பும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று ஒழுங்காகச் சென்ற இதழ் இது. அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே பள்ளி பூட்டிக் கிடந்திருக்கிறது.

இத்தகைய கட்டுகள் வேறு பள்ளிகளிலும் இருக்கக்கூடும். பார்த்தவர்கள், படித்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

*

கோவை மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பள்ளி இதழ் 1970-களில் சைக்ளோஸ்டைல் செய்யப்பட்டது. மெழுகுத்தாளில் இரும்பு எழுத்தாணியால் எழுதுவோம். 'ஞ', 'ணை' போன்ற எழுத்துகளின் வளைவில் தாள் கிழிந்துவிடும் என்பதால் அவ்வெழுத்துகள் வரும் சொற்களையே தவிர்த்த நினைவிருக்கிறது. பத்தும் இரண்டும் என்ற முறை வந்த 1978-ஆம் ஆண்டு இதழ் ஒன்று என்னிடம் இருக்கிறது. பதினோராம் வகுப்போடு பள்ளிப் படிப்பு முடியும் என்று வளர்ந்த எங்களுக்கு, இனிப் பன்னிரண்டு வரை இங்கேயே படிக்கலாம் என்பது பெருஞ்செய்தி. கல்லூரிக்குப் போய்ப் புகுமுக வகுப்பு படிக்க நகரத்தில் அறை எடுக்க வசதியில்லாதவர்கள் எழுதிய மகிழ்ச்சிக் குறிப்புகளே அவ்விதழில் அதிகம்.

*

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம். எங்கள் ஊர் தஞ்சை மாவட்டத்தில் உள்ளது. 1965-ல் நான் பத்தாம் வகுப்பு படித்தேன். எங்கள் பள்ளிக் கையெழுத்துப் பத்திரிகையின் இரண்டு ஆண்டு இதழ்களை முழுவதும் எழுதியவள் நான். ஆசிரியர் குழுவில் நான்கு மாணவர்களின் பெயர்கள் இருக்கும்; கடைசி வரியில் 'கையெழுத்து: ஒரு மாணவி' என்று இருக்கும். அந்த வரியையும் நான்தான் எழுதுவேன். பெண்பிள்ளைகளின் பெயர் வகுப்பு வகுப்பாகச் சுற்றக்கூடாது என்று வீட்டிலும் பள்ளியிலும் கருதினார்கள். கோலப் பக்கத்திலும் வளையப்பந்துப் போட்டி முடிவிலும்கூட எங்களுக்குப் பெயர் கிடையாது. எஸ்.எஸ்.எல்.சி. தேறிய பிறகு கல்லூரி வெளியூரில் இருந்ததால் என் படிப்பு அத்துடன் நின்றது.

ஐயா சிவப்பு மையைப் பற்றி எழுதியதால் இதைச் சொல்லத் தோன்றுகிறது. அந்த ஆண்டு உணவுத் தட்டுப்பாட்டின்போது பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, திங்கட்கிழமை இரவு உணவைத் துறக்குமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார். அதைப் போற்றி எல்லாரும் கட்டுரை எழுதித் தந்தார்கள். விடுதியில் தங்கிப் படித்த ஒரு பையன் மட்டும், தன் வீட்டில் இரவில் அடுப்பெரியாதது திங்கட்கிழமை மட்டுமன்று என்று தொடங்கி ஏழு வரி எழுதியிருந்தான். நான் அதை அப்படியே படியெடுத்துவிட்டேன். பார்வையிட்ட ஆசிரியர் கடிந்து பேசவில்லை. அந்த ஏழு வரியை நீக்கி அந்தப் பக்கத்தை மறுபடி எழுதச் சொன்னார். எழுதினேன். கீழே ஒரு சாண் இடம் வெறுமையாக நின்றது. அங்கே ஒரு தாமரை வரையச் சொன்னார்கள். அதையும் நானே வரைந்தேன்.