அனுமதி கிடைத்த பிறகே தொடங்கும் காத்திருப்பு

உச்ச நீதிமன்றத்தில் வழக்கு இழுக்கும் என்று எல்லோரும் சொல்வதுண்டு. எந்தக் கட்டத்தில் இழுக்கிறது என்பதை எங்கள் குடும்பத்து நில வழக்கில்தான் நான் தெரிந்துகொண்டேன். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் என் தந்தைக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்ததும், எதிர்த்தரப்பினர் அரசியல் சாசனத்தின் 136ஆம் பிரிவின்கீழ் சிறப்பு அனுமதி மனு தாக்கல் செய்தார்கள். அந்த மனு விரைவாகவே பட்டியலுக்கு வந்தது; சில நிமிட வாதத்திலேயே மேல்முறையீட்டுக்கு அனுமதியும், தீர்ப்புக்கு இடைக்காலத் தடையும் கிடைத்துவிட்டன. அதோடு மனு உரிமையியல் மேல்முறையீடாக மாறிப் புது எண் பெற்று, இறுதி விசாரணைக்கான வரிசையின் கடைசியில் போய் நின்றது.

திங்களும் வெள்ளியும் புதிய மனுக்களுக்கு, நடுவிலுள்ள மூன்று நாள்கள் விரிவான விசாரணைக்கு என்பது அங்கே நெடுங்காலம் இருந்துவந்த நடைமுறை. தலைமை நீதிபதியையும் சேர்த்து 34 பணியிடங்களே உள்ள நீதிமன்றத்தில் நிலுவை 80,000ஐத் தாண்டிய நிலையில், அந்த மூன்று நாள்கள் எந்த மூலைக்கு? இதில் தடையாணை பெற்றவருக்கு அவசரமே கிடையாது. நிலத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ முடியாமல் தவிப்பது கீழே வென்ற தரப்புதான்.

இதற்கிடையே தந்தை காலமானார். எதிர்மனுதாரர் இறந்தால், மேல்முறையீடு செய்தவர் 90 நாள்களுக்குள் வாரிசுகளைச் சேர்க்க மனுப் போட வேண்டும். இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் ஆங்கில மொழிபெயர்ப்புடன் எங்கள் வழக்கறிஞரிடம் உடனே கொடுத்தோம். எதிர்த்தரப்பினரோ கெடு கடந்த பின் தாமத மன்னிப்பு மனுவோடு வந்தார்கள். மூல வழக்கைத் தொடாமலே வாய்தாக்கள் கழிந்தன.

உச்ச நீதிமன்றத்துக்குச் சென்னையில் கிளை வேண்டும் என்பது பழைய கோரிக்கை. சட்ட ஆணையம் 2009இல் தனது 229ஆவது அறிக்கையில் மண்டல அமர்வுகளைப் பரிந்துரைத்தது. தேசிய மேல்முறையீட்டு நீதிமன்றம் அமைக்கக் கோரிச் சென்னை வழக்கறிஞர் வி. வசந்தகுமார் தொடர்ந்த வழக்கு 2016இல் அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டது. அமர்வு அருகில் வந்தால் தில்லிப் பயணச் செலவு நிச்சயம் குறையும். ஆனால், சாதாரணச் சொத்துத் தகராறுகளுக்கெல்லாம் அனுமதி தரும் வழக்கம் சுருங்காதவரை வரிசை குறையும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இப்போது தாயாரின் முதுமையைக் காட்டி, விரைந்து விசாரிக்கக் கோரும் மனுவைத் தாக்கல் செய்திருக்கிறோம். தடை அப்படியே நீடிக்கிறது.