விக்டோரியாவின் தடைச் சட்டம்: சபையில் தனி ஜெபத்துக்கு எல்லை எது?

கேள்வி (சபைச் செயலர், மெல்பர்ன்):
ஒருவரின் பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ மாற்ற முயல்வதைத் தடைசெய்யும் சட்டம் இங்கே ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இருப்பதால், எங்கள் தமிழ்ச் சபையில் வாலிபர் ஆலோசனைக்கு விதிமுறை எழுதுகிறோம். ஒரு வாலிபன் தனக்கு ஆண்கள் மேல்தான் ஈர்ப்பு என்று சொல்லி, அது மாற ஜெபிக்கும்படி அவனே கேட்டால் போதகர் ஜெபிக்கலாமா? திருமணம் பற்றிப் பிரசங்கிப்பதற்கும் தடை உண்டா?

தாமஸ்:
பிரசங்கத்துக்குத் தடை இல்லை. 2022 பிப்ரவரி 17 முதல் அமலில் உள்ள சட்டம் இரண்டைத்தான் பார்க்கிறது: செயல் குறிப்பிட்ட ஓர் ஆளை நோக்கியதா, அவருடைய பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ மாற்றும் அல்லது அடக்கும் நோக்கம் உண்டா. ஆராதனை முடிந்ததும் அந்தப் பையனை மட்டும் அழைத்து, தலையில் கை வைத்து, "இந்த ஆவி விலகட்டும்" என்றால் மாட்டிக்கொள்வீர்கள். ஜெபம், விடுதலை ஊழியம், பேயோட்டுதல் எல்லாம் சட்டத்தின் 5ஆம் பிரிவில் பெயரோடு இருக்கின்றன. சம்மதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்றும் அங்கேயே இருப்பதால், கையெழுத்து வாங்கி வைத்துப் பயனில்லை. அவனுக்குச் சமாதானமும் பெலனும் கேட்டு ஜெபிப்பது வேறு. அதில் மாற்றும் நோக்கம் இல்லை.

சிறை, காயம் நேர்ந்தால்தான்: 5 ஆண்டு வரை, கடும் காயமானால் 10. மனநலப் பாதிப்பும் காயமே. காயம் இல்லாவிட்டாலும் மாநில மனித உரிமை ஆணையத்திடம் புகார் போகலாம்.

எஸ்தர்:
வயது வந்தவர் தானே விரும்பிக் கேட்கும் ஜெபத்தையும் தடுப்பது மத சுதந்திரத்தில் அளவு மீறிக் கை வைப்பது என்பதே என் கருத்து. ஆனால் மத சுதந்திரம் பற்றிய, ஆஸ்திரேலிய அரசியல் சாசனத்தின் 116ஆம் பிரிவை நம்பி விதிமுறை எழுதாதீர்கள். அது கூட்டாட்சி அரசை மட்டுமே கட்டுப்படுத்தும், மாநிலங்களை அல்ல. பக்கத்து மாநிலமான நியூ சவுத் வேல்ஸ் தன் தடைச் சட்டத்தை விக்டோரியாவைவிடத் தெளிவாக எழுதியது. 2025 ஏப்ரல் 4இல் அமலுக்கு வந்த அதன் சட்டம், மதம் என்ன போதிக்கிறது என்று எடுத்துச் சொல்வதற்கும், நம்பிக்கையை ஜெபத்தில் வெளியிடுவதற்கும் நேரடியாக விலக்கு தருகிறது. ஒருவரை மாற்றுவதற்கென்றே அவரை வைத்து நடத்தும் ஜெபத்துக்கு அங்கேயும் விலக்கு இல்லை.

தாமஸ்:
சபைகள் பெரும்பாலும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு, பரிந்துரை. "சென்னையில் ஒரு பாஸ்டர் இருக்கிறார், அவரிடம் போனால் மாறிவிடும்" என்று அனுப்பினால், அந்தப் பரிந்துரையே 5ஆம் பிரிவில் வரும். பெற்றோர் கெஞ்சிக் கேட்டாலும் செய்யாதீர்கள். அவன் பெயர் ஜெபக் குழு வாட்ஸ்அப்பிலும் போகக் கூடாது. நம்பி வாய் திறந்த பிள்ளை உடைந்துபோவது அங்கேதான். விதிமுறையின் முதல் வரியாகவே இதை எழுதுங்கள்.