எங்கள் ஆயாவுக்கு எத்தனை வயசு? தெரிந்தவர்கள் எழுதுங்கள்

மூத்த பேரன்

பாலக்கோடு பக்கம் எங்கள் ஆயாவைத் தெரியாதவர்கள் குறைவு. ஆயாவின் கருமாதி முடிந்து எல்லாரும் ஊர் திரும்பியாச்சு. ஆயாவைப் பற்றி ஆளுக்கு ஒரு கதை எழுதுங்கள், நான் வயசு வழக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஆதாரில் ஆயா பிறந்த தேதி 1-1-1938. தேதி தெரியாத எல்லாருக்கும் ஜனவரி ஒன்றுதானே, எங்கள் தெருவில் பாதிக் கிழவிகள் ஒரே நாளில் பிறந்தவர்கள். ஆனால் ஆயா சின்ன ரயிலில் போன கதை சொல்லும். மொரப்பூரிலிருந்து தர்மபுரி, பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர் வரைக்கும் ஓடிய குறுகிய பாதை ரயில் அது. 1941-இல் நிறுத்திவிட்டார்கள். ஆதார் கணக்குப்படி ஆயாவுக்கு அப்போது மூன்று வயசு. மூன்று வயசுப் பிள்ளைக்கு அப்பாவின் வெல்ல மூட்டை மேல் உட்கார்ந்து போனதும், டிக்கெட் கேட்க வந்தவரின் மீசையும் ஞாபகம் இருக்குமா? "அப்பவே எனக்குப் பல்லு வுழுந்து மொளைச்சாச்சுடா" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்யும். அப்படிப் பார்த்தால் தொண்ணூறைத் தாண்டி ரொம்ப நாளாச்சு.

2019-இல் மொரப்பூர்–தர்மபுரி புதுப் பாதைக்கு அடிக்கல் போட்ட செய்தி டிவியில் வந்தபோது, "எனக்கு ஒரு சீட்டு சொல்லி வை" என்றது. இன்னொன்று. ஆயா பிறந்தது சேலம் ஜில்லா. 1965-இல் தர்மபுரி ஜில்லா ஆனது. எங்கள் பெரிய அத்தையைக் கட்டிக்கொடுத்த ஊரை 2004-இல் கிருஷ்ணகிரி ஜில்லாவில் சேர்த்துவிட்டார்கள். "நான் நின்ன எடத்துலயே நிக்கறேன், ஜில்லாதான் நகந்துக்கினே போவுது."

ஓசூரில் இருக்கும் பேத்தி

என் பல் கதையை எழுதாமல் விட்டால் ஆயாவுக்குப் பொறுக்காது.

எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் புளோரைடு அதிகம். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பார்கள். பல் உருவாகும் வயசில் அந்தத் தண்ணீரையே குடித்து வளர்ந்தால் பல்லில் பழுப்புக் கோடு விழும், தேய்த்தால் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல்தான் வந்தது. அதற்கு முன்னால் வளர்ந்த பெண்களைப் பாருங்கள், சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போகும். எங்கள் பள்ளிக்கூட குரூப் போட்டோவில் ஒருத்தியும் பல்லைக் காட்டியிருக்க மாட்டாள்.

ஆயாவுக்கு அது ஆகவே ஆகாது. "எனக்குப் பல்லே இல்ல, நான் சிரிக்கல?" என்று என் கையைத் தட்டிவிடும்.

என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நான் உதட்டை இறுக்கிக்கொண்டு காபித் தட்டோடு நிற்கிறேன். ஆயா மாப்பிள்ளையின் அம்மாவிடம், "பொண்ணு சிரிச்சா பல்லு கறையாத் தெரியும்மா, இப்பவே பாத்துக்க. உங்க பென்னாகரத்துத் தண்ணியும் லேசுப்பட்டது இல்ல. எங்க, உம் மவனக் கொஞ்சம் சிரிக்கச் சொல்லு" என்றது. அம்மாவுக்கு முகம் செத்துப்போச்சு. மாப்பிள்ளை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். என்னைவிட நல்ல கறை! கல்யாண ஆல்பத்தில் இரண்டு பேரும் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

கூடப் புளி தட்டியவர்

மாசி, பங்குனியில் புளி தட்டப் போவோம். ஓட்டை உடைத்து, நாரை உருவி, சின்னக் கட்டையால் தட்டிக் கொட்டையை எடுக்கணும். கிலோ கணக்கில் கூலி. விரலெல்லாம் புளி ஏறி எரியும். ஆயா வாயைத் திறந்தால் எங்கள் கை நின்றுவிடும். அதனால் வியாபாரி ஆயாவைத் தனியாகத் திண்ணை ஓரத்தில் உட்கார வைத்தார். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் நாங்கள் எல்லாரும் முறத்தைத் தூக்கிக்கொண்டு திண்ணை ஓரத்தில் இருக்கிறோம். அவருக்கு ஆயா வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது. அவர் பேரனும் இதைப் படிப்பான்.

சின்ன மருமகள்

எல்லாரும் சிரிப்பையே எழுதறீங்க. கூட இருந்து குப்பை கொட்டினவ நான்.

நான் வாக்கப்பட்டு வந்தது நெல்லுச்சோறு திங்கற ஊரிலிருந்து. களி கிண்டத் தெரியாது. முதல் நாள் உலை கொதிக்கிறதுக்குள்ள கேவுரு மாவைக் கொட்டிட்டேன். அப்புறம் துடுப்பை எப்படிப் போட்டுக் கிண்டினாலும் கட்டி உடையலை. அத்தை ஒரு உருண்டையைப் பிட்டுப் பார்த்துட்டு, வாசலுக்குப் போய், "எம் மருமவ களியில முட்டை வச்சிருக்கா, வாங்கடி" என்று தெருவையே கூப்பிட்டாங்க. அழுதுட்டேன். ஆனால் அந்தக் களியில ஒரு வாய் மிச்சம் வைக்காம, கீரைக் கடைசலை ஊத்தித் தின்னதும் அவங்கதான். மறுநாள் பக்கத்துல உட்கார்ந்து, நொய் வெந்த பிறகு மாவை நடுவில் குவிச்சுப் போடு, உடனே கிண்டாதே, மாவைத் துளைச்சுக்கிட்டுக் கொதி மேல வரட்டும்னு சொல்லிக்கொடுத்தாங்க. இன்னிக்கு வரைக்கும் என் களியில கட்டி கிடையாது.

ரகசியம்னு ஒண்ணு அவங்க வாயில நிக்காது. நான் முழுகாம இருக்கிற சேதி என் வீட்டுக்காரருக்கு டீக்கடையில்தான் தெரிஞ்சுது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கு.

தக்காளி விலை விழுந்து, பறிக்கிற கூலிக்குக் கூடக் கட்டாம தோட்டத்தில் மாட்டை ஓட்டிவிட்ட வருஷம், வீட்டில் யாரும் பேசலை. அத்தை மட்டும், "மாட்டுக்கு ரசம் ஆச்சு, இனி ஒரு அப்பளம்தான் பாக்கி" என்றாங்க. என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போயிட்டார். எல்லா நேரத்துக்கும் சிரிப்பு ஆகாதுன்னு அன்னிக்கு நானே அவங்க கிட்ட சொன்னேன். "அழுதா வெல ஏறும்னா சொல்லு, நானும் ஒக்காந்து அழுவறேன்" என்றாங்க. அதுக்கு என்ன பதில் சொல்றது?

எதிர் வீட்டுக்காரர்

எங்கள் வீட்டில் தெலுங்கு, அதனால் எங்களுக்கு அவர் அவ்வா. கருமாதி ராத்திரி எங்கள் பக்கம் கர்ணன் சாகிற கூத்துதான் வைப்பது வழக்கம். அதில் சிரிக்க வைக்கிற கோமாளிதான் கட்டியங்காரன். அவ்வா உயிரோடு இருக்கும்போதே கூத்து வாத்தியாரைப் பிடித்து, "கர்ணன் சாவட்டும், ஆனா கட்டியங்காரனச் சீக்கிரம் உள்ள அனுப்பிடாதே" என்று சொல்லி, வெற்றிலை பாக்கோடு நூறு ரூபாய் முன்பணமும் கொடுத்திருந்தார். வாத்தியார் மறக்கவில்லை. கட்டியங்காரன் அவ்வா மாதிரியே இடுப்பில் கை வைத்து நின்று, முதல் வரிசையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டான். துக்கத்துக்கு வந்த சம்பந்தி வீட்டார் என்ன செய்வது என்று தெரியாமல் எங்கள் முகத்தைப் பார்த்தார்கள். அப்புறம் அவர்களும் சிரித்துவிட்டார்கள். கர்ணன் செத்தபோது விடிந்துவிட்டது.

சின்ன மருமகள்

அந்த வேஷத்துக்கு அத்தையோட பச்சைச் சுங்கடிச் சேலையை வாங்கிட்டுப் போனாங்க. இன்னும் வரலை. ராயக்கோட்டை பக்கம் யாராவது போனா, கூத்து வாத்தியார் வீட்டில் கேட்டு வாங்கிட்டு வாங்க. துவைச்சுத் தரணும்னு இல்லை.